டோண்டு, வோண்டு, காண்டு: குமுளி இங்கிலீஷுக்கு ஒரு பழுதுபார்ப்பு

லோயர் கேம்பிலிருந்து மலையேறிக் குமுளியில் இறங்கினால், சாலைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளா. அந்தப் பக்கத்து ஏலக்காய்க் கடை, ஹோம்ஸ்டே, ஜீப் ஸ்டாண்டு எங்கே போனாலும் கம்பம், கூடலூர் ஆட்கள் நாலு பேராவது இருப்பார்கள். தமிழும் மலையாளமும் தண்ணி பட்ட பாடு. இங்கிலீஷும் சும்மா இல்லை. தேக்கடிக்கு வரும் வெள்ளைக்காரரிடம் விலை பேசி, விலாசம் வாங்கி, மிளகைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிற அளவுக்கு வரும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் வண்டி மக்கர் பண்ணும். டூ நாட் என்பதை டோன்ட் என்றும், ஐ வில் என்பதை ஐல் என்றும் அவர்கள் இழுத்துக் கட்டிப் பேசுகிறார்களே, அந்த இடம்.

கடை சாத்திய பிறகு மாடியில் எட்டுப் பத்துப் பேருக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லிக் கொடுக்கிறேன். பாடப்புத்தகம் கிடையாது. ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி வருகிற மாதிரிதான் வருவார்கள்: "வாத்தியாரே, நான் இப்படிச் சொன்னேன், அந்தாளு அப்படிப் புரிஞ்சுக்கிட்டான்." என்ன சத்தம் வருகிறது என்று கேட்டுவிட்டு எங்கே கழன்றிருக்கிறது என்று பார்ப்போம். இதையும் அப்படியே எழுதுகிறேன். உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம்.

அதற்கு முன்னால் இரண்டு விஷயம். ஒன்று, போனில் ரெக்கார்டரைப் போட்டு நாலு வாக்கியம் பேசி வைத்து, மறுநாள் கேளுங்கள். அன்றைக்கே கேட்டால் காது நமக்குச் சாதகமாகத்தான் தீர்ப்புச் சொல்லும். இரண்டு, இங்கே எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். ஃஜ என்று வருகிற இடமெல்லாம் தேனீ இரைகிற சத்தம். ஸ என்றால் பாம்பு சீறுகிற சத்தம். மற்றதை அங்கங்கே சொல்கிறேன்.

கோளாறு: டோன்ட் என்று சொன்னால் "டோண்டு" என்று வருகிறது

வகுப்புக்கு வருகிற யாரும் இதற்குத் தப்பியதில்லை. வோன்ட், கான்ட், டிடன்ட், இஃஜன்ட் எல்லாவற்றுக்கும் இதே வியாதிதான், அதனால் இதை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். ஒரே சொல்லுக்குள் மூன்று பழுது இருக்கிறது. மூன்றும் தமிழ் நமக்குப் பழக்கிக் கொடுத்தவை.

முதல் பழுது, ட மெலிந்து போவது. பட்டு என்று ஒருமுறை சொல்லுங்கள், பிறகு வண்டு என்று சொல்லுங்கள். எழுத்து ஒன்றுதான், சத்தம் இரண்டு. பட்டுவில் வரும் ட வறண்டது, தொண்டை அதிராது. வண்டுவில் வரும் ட, முன்னால் நிற்கும் ண்-இன் முனகலை வாங்கிக்கொண்டு தொண்டை அதிர வருகிறது. வண்டி, பாண்டி, கொண்டை என்று எதை எடுத்தாலும் மெல்லினத்துக்குப் பின்னால் வரும் வல்லினம் இப்படித்தான் குழையும். தமிழுக்கு அது அழகு. ஆனால் டோண்ட் என்று நோட்டில் எழுதி வைத்துப் படித்தால், நாக்கு வண்டியின் ட-வைத்தான் எடுத்துப் போடும். இங்கிலீஷ்காரர் காதில் அது வேறு எழுத்து.

இரண்டாவது பழுது, வாலில் ஒட்டும் உ. பள்ளிக்கூடத்தில் குற்றியலுகரம் என்று படித்தோம், மார்க்குக்காகப் படித்துவிட்டு மறந்தோம். தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. பாட்டு, கொக்கு, வண்டு என்று அரை மாத்திரை உகரத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் முடியும். அதனால் டோன்ட் என்று மொட்டையாக நிறுத்தச் சொன்னால் வாய்க்கு அநியாயமாகப் படுகிறது, உ-வைச் சேர்த்துவிடுகிறது. மலையாளத்தில் அது என்று சொல்லும்போது கடைசியில் முணுமுணுப்பாக ஒரு உகரம் வருமே, அதுவும் இதே சங்கதிதான். ஆக சேட்டன்மாருக்கும் இதே வைத்தியம். மெல்லினத்துக்குப் பின்னால் வல்லினம் குழைவதும் அவர்களுக்கு உண்டு. சிம்ப்ளி என்ற சொல்லில் வறண்டு வரவேண்டிய ப, பம்பரத்தின் ப மாதிரி ஆகிவிடுகிறது என்று அவர்களே தங்களைக் கேலி செய்துகொள்வார்கள்.

மூன்றாவது, நாக்கு தொடும் இடம். நம் ட-வுக்கு நாக்கு நுனி பின்னால் மடங்கி மேலண்ணத்தைத் தொடும். இங்கிலீஷ் ட் அவ்வளவு உள்ளே போகாது; மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் ஈறு மேடாக இருக்கிறதே, அங்கே தொட்டால் போதும். இதைக் கற்றுக்கொள்ள லண்டன் போக வேண்டாம், பக்கத்துக் கடைக்குப் போங்கள். மலையாளி காற்று என்று சொல்லும்போது வாயைக் கவனியுங்கள். நாம் "காத்து" என்று பல்லில் தட்டுவோம், அவர் ஈறு மேட்டில் தட்டுவார். அந்தத் தட்டுதான் இங்கிலீஷ் ட். எல்லையில் பிறந்ததற்கு இப்படியும் ஒரு லாபம்.

இனி சரிசெய்கிற வழி. பட்டு என்று சொல்லத் தொடங்குங்கள். பட்... என்று நாக்கு ஒட்டிக்கொள்ளும் இடத்தில் அப்படியே நின்றுவிடுங்கள். மூச்சை விடாதீர்கள், டு-வை வெளியே விடாதீர்கள். கதவைச் சாத்திவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல. பத்துத் தடவை இதைச் செய்தபின், டோன் என்று சொல்லி அதே போல் கதவைச் சாத்துங்கள். டோன்-ட். சத்தம் வெளியே போய்த் தெறிக்க வேண்டும் என்று இல்லை. டோன்ட் கோ, டோன்ட் டச் என்று அடுத்த சொல் மெய்யில் தொடங்கினால், இங்கிலீஷ்காரரே அந்த ட்-ஐ வெளியே விடுவதில்லை. சத்தம் சட்டென்று அறுபடுவதை வைத்துத்தான் காது அதைப் பிடித்துக்கொள்கிறது.

அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் கவலையே இல்லை. பட்டும் ஆடையும் சேர்ந்தால் பட்டாடை ஆகி உகரம் தானே ஓடிவிடுகிறது. அதே மாதிரி டோன்ட் ஆஸ்க் என்று சேர்த்துச் சொன்னால் உ வராது. அதனால் பழக்கத்தை அங்கே தொடங்குங்கள்: டோன்டாஸ்க், டோன்டீட், டோன்டோபன். ட மட்டும் பட்டாடையின் ட-வாக வறண்டு இருக்க வேண்டும். அது படிந்த பிறகு டோன்ட் கோ-வுக்கு வாருங்கள். நேரே டோன்ட் கோ-வில் தொடங்கியவர்கள் எல்லோரும் "டோண்டுகோ" என்று ஜப்பான் ஊர்ப் பெயர் மாதிரி ஒன்றைச் சொல்லிக்கொண்டு ஒரு மாதம் சுற்றினார்கள்.

கோளாறு: வருவேன் என்றேன், வரமுடியாது என்று எடுத்துக்கொண்டார்கள்

இது காசு போகிற கோளாறு. காட்டுக்குள் இருக்கிற கவி என்ற ஊருக்கு ஜீப் ஓட்டுகிற அண்ணன் ஒருவர். அமெரிக்கத் தம்பதி, விடியற்காலை ஐந்து மணிக்கு வர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். இவர் நெஞ்சை நிமிர்த்தி, ஒவ்வொரு சொல்லாகத் தெளிவாக, "ஐ கேன் கம் அட் ஃபைவ்" என்றார். அந்த அம்மா முகம் வாடிப்போய், பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த ஜீப்பில் பேசி முடித்துவிட்டார். அன்று ராத்திரி மாடிக்கு வந்தவர் உட்காரவே இல்லை. "வாத்தியாரே, கேன்னுதானே சொன்னேன்? கேன்ட்டுன்னா சொன்னேன்?"

கேன் என்றுதான் சொன்னார். குறை சொல்லில் இல்லை, அதை அழுத்தியதில் இருக்கிறது. இங்கிலீஷில் கேன் என்பது வாக்கியத்துக்கு நடுவே வந்தால் கூனிக் குறுகிவிடும். கேன் என்று முழுதாக யாரும் சொல்வதில்லை. "க்ன்" என்று, நடுவில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு அரைகுறை அகரத்தோடு ஓடிவிடும். ஐ-க்ன்-கம். அழுத்தம் முழுதும் கம்-மின் மேல். முடியாது என்று சொல்லும்போதுதான் கேன்ட் என்று முழு உருவத்தோடு, அழுத்தத்தோடு நிற்கும். போதாததற்கு அமெரிக்கர்கள் அந்தக் கடைசி ட்-ஐ வேறு விழுங்கிவிடுவார்கள். ஆக அவர்கள் காது ட்-ஐத் தேடுவதே இல்லை. முழுதாகக் கேட்டால் முடியாது, குறுகிக் கேட்டால் முடியும். நம் அண்ணன் தெளிவாகச் சொல்லச் சொல்ல, முடியாது முடியாது என்று அடித்துச் சொன்னதாக ஆகிவிட்டது.

சரிசெய்வது இரண்டு வேலை. ஒன்று, முடியும் என்கிற கேன்-ஐச் சுருக்கி முன்னால் இருக்கும் சொல்லோடு ஒட்டுங்கள். ஐக்ன் கம். யூக்ன் சிட். வீக்ன் ஸ்டாப் ஹியர். "வந்துடலாம்" என்று சொல்லும்போது லாம் என்பதை யாராவது தனியாக எடுத்து ஆணி அடிக்கிறோமா? அப்படித்தான். இரண்டு, முடியாது என்பதற்கு கேன்ட் வேண்டாம், பிரிட்டிஷ்காரர் மாதிரி நெடிலாகக் கான்ட் என்று சொல்லுங்கள். கா என்று வாய் திறந்துவிட்டால் லண்டன்காரருக்கும் டெக்சாஸ்காரருக்கும் சந்தேகமே வராது. ட் விழுந்தாலும் கா காப்பாற்றும். ஒரே வாயில் பிரிட்டிஷும் அமெரிக்காவும் கலக்கலாமா என்று பட்டதாரிப் பையன் ஒருவன் கேட்டான். தம்பி, ஜீப் வாடகை வந்தால் சரி.

வாக்கியத்தின் கடைசியில் வரும் கேன் மட்டும் குறுகாது. "கேன் யூ கம்?" "எஸ், ஐ கேன்." இங்கே முழுதாகத்தான் சொல்ல வேண்டும். அதனால் பதில் சொல்லும்போது எஸ் என்று முதலில் போட்டுவிட்டால் பாதி ஆபத்து தீரும். இன்னொன்று, எஸ் என்று சொல்லும்போது தலையை அப்படியும் இப்படியும் ஆட்டாதீர்கள். நமக்கு அது சம்மதம். அவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. மேலும் கீழும் ஆட்டுங்கள்.

கோளாறு: வுடன்ட், குடன்ட், டிடன்ட் வாய்க்குள் சிக்குகிறது

முதலில் ல-வைக் கழற்றி வையுங்கள். வுட், குட், ஷுட் மூன்றிலும் எழுத்தில் ல் இருக்கும், சத்தத்தில் இல்லை. கூல்டு என்று சொல்லுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வுட் என்று அவர்கள் சொல்வதும் மரக்கட்டைக்குச் சொல்வதும் ஒரே சத்தம்.

அடுத்து, டிடன்ட் என்பதை நாம் டி-டி-ண்டு என்று மூன்று படியாக இறங்குகிறோம். அவர்களுக்கு இரண்டே படி. டிட் என்று நாக்கை ஈறு மேட்டில் ஒட்டுங்கள். நாக்கை எடுக்காதீர்கள். ஒட்டியபடியே மூக்கு வழியாக ன் என்று முனகுங்கள். முனகலை அறுத்து நிறுத்துங்கள், அதுதான் கடைசி ட். நடுவில் அ, இ என்று எந்த உயிரும் இல்லை. தமிழில் மெய் தனியாக நின்று ஓர் அசையாவது கிடையாது, அதனால்தான் உயிர் ஒன்றை இடையில் சொருகப் பார்க்கிறோம். மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு டிடன்ட் சொல்லிப் பாருங்கள். சத்தம் அடைத்துக்கொண்டு நின்றால் சரியாகச் சொல்கிறீர்கள். தங்குதடையில்லாமல் வந்தால் வாய் வழியாக ஓர் உயிரெழுத்தைக் கள்ளத்தனமாகக் கடத்துகிறீர்கள் என்று அர்த்தம். எங்கள் செக்போஸ்ட்டில் இதைத்தான் சோதனை என்போம்.

இஃஜன்ட், வாஃஜன்ட், டஃஜன்ட், ஹேஃஜன்ட் இவற்றில் நடுவில் தேனீ. டஸிண்டு என்று பாம்பை விடக்கூடாது. மஸ்ட் நாட் என்பது சுருங்கினால் முதல் ட் காணாமல் போய் மஸன்ட் ஆகும், மஸ்டன்ட் அல்ல. ஆர் நாட் சுருங்கினால் பிரிட்டிஷ் வாயில் ஆன்ட், அதாவது அத்தைக்குச் சொல்கிற அதே சத்தம். அமெரிக்க வாயில் நடுவில் ர் ஒலிக்கும். இரண்டும் சரி, ஆரண்டு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வில் நாட் என்பது ஏன் வில்லன்ட் ஆகாமல் வோன்ட் ஆனது என்று கேட்பவர்களுக்கு: பழைய இங்கிலீஷ் வழக்கில் வில் என்பதற்கு வோல் என்றும் ஓர் உருவம் இருந்தது. வோல் போய்விட்டது, அதன் பிள்ளை வோன்ட் மட்டும் தங்கிவிட்டது.

கோளாறு: வோன்ட்டா வான்ட்டா என்று காதுக்குப் பிடிபடவில்லை

ஹோம்ஸ்டே சமையல்கட்டில் வேலை பார்க்கும் தம்பியிடம் விருந்தாளி, "வீ வோன்ட் பி ஹேவிங் டின்னர்" என்று சொல்லிவிட்டுப் போனார். இவன் காதில் வான்ட் விழுந்தது, டின்னரும் விழுந்தது. ஆறு பேருக்கு அப்பமும் கோழிக்குழம்பும் தயார். அவர்கள் வெளியே சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு வந்தார்கள். அப்பம் எங்கள் வகுப்புக்கு வந்தது, அதனால் எனக்கு இந்தக் கோளாறின் மேல் பெரிய கோபம் இல்லை.

வேண்டும் என்பது வான்ட், அமெரிக்கர் வாயில் இன்னும் அகலமாக வரும். மாட்டேன் என்பது வோன்ட். ஓ என்று தொடங்கி உதடு குவிந்து உ-வில் போய் முடியும், வோ(உ)ன்ட். சொல்லும்போது உதட்டை விசில் அடிக்கிற மாதிரிக் குவித்தால் போதும். காதுக்கு நம்பிக்கை இல்லையென்றால் அடுத்த சொல்லைப் பிடியுங்கள். வான்ட்-க்குப் பின்னால் ஒரு பொருள் வரும், அல்லது டு வரும்: வான்ட் டீ, வான்ட் டு கோ. வோன்ட்-க்குப் பின்னால் வினை நேராக வரும்: வோன்ட் கோ, வோன்ட் பி. பி என்று கேட்டதும் அடுப்பை அணைத்துவிடலாம்.

கோளாறு: ஹீஸ், ஷீஸ், இட்ஸ் எல்லாம் ஒரே மாதிரி வருகிறது

சின்னக் கோளாறு, சீக்கிரம் தீரும். தொண்டையில் விரலை வையுங்கள். முன்னால் நிற்கும் சத்தம் வறண்டதாக இருந்தால், அதாவது ட், ப், க் என்றால், பாம்பு: இட்ஸ், தட்ஸ், வாட்ஸ். உயிராகவோ அதிரும் மெய்யாகவோ இருந்தால் தேனீ: ஹீஃஜ், ஷீஃஜ், தேர்ஃஜ். தட்ஸ் என்பதில் முதல் எழுத்துக்கு 'தட்டு'வின் த வேண்டாம். அது, இது என்று சொல்லும்போது நடுவில் மெத்தென்று ஒரு த வருமே, அதை எடுத்து முதலில் வையுங்கள். தேர், தேவ், தேல் எல்லாவற்றுக்கும் அந்த த-தான்.

இதை ஒட்டியே இன்னொரு பழுது, படகுத்துறைப் பக்கம் அடிக்கடி கேட்கலாம். ஏரித் தண்ணீரில் பட்டுப்போன மரங்கள் நிற்கின்றனவே, ஏன் என்று கேட்பார்கள். அணை கட்டித் தண்ணீர் தேங்கியபோது மூழ்கிய காடு அது என்று சொல்ல வேண்டும். நம் ஆட்கள் அந்த முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக் பெயரைச் சொல்லும்போது குரலே மாறும், அந்த வேகத்தில் "இட்ஸ் பில்ட் இன் 1895" என்பார்கள். இட்ஸ் என்பது இட் இஃஜ் அல்லது இட் ஹேஃஜ் மட்டும்தான். இட் வாஃஜ் ஒருபோதும் இட்ஸ் ஆகாது. முடிந்துபோன காலத்தை இட்ஸ்-க்குள் அடைக்க முடியாது. இட் வஃஜ் பில்ட் என்று, வாஃஜ்-ஐ வஃஜ் என்று குறிலாக்கி வேகமாகச் சொல்லுங்கள்.

கோளாறு: ஐ கால் யூ என்கிறேன், எப்போது என்று கேட்கிறார்கள்

ஐ வில் என்று முழுதாகச் சொன்னால் சபதம் போடுகிற மாதிரி இருக்கிறது என்று யாரோ சொல்லிக் கொடுக்க, வில்-ஐ அப்படியே கழற்றி எறிந்துவிட்டார்கள். ஐ கால் யூ என்றால் கூப்பிடுவது என் வழக்கம் என்று ஆகிறது. ஐ கிவ் டிஸ்கவுன்ட் என்றால் எல்லோருக்கும் கொடுக்கிறவர் ஆகிவிடுவீர்கள், பிறகு அவர் விடமாட்டார். ல் ஒன்று வேண்டும்: ஐல் கால் யூ, ஐல் கிவ் யூ.

அந்த ல் நம்முடைய ல் இல்லை. பால் என்று சொல்லும்போது வருகிற ல் மெலிசு. வாள் என்னும்போது நாக்கு மடங்குகிறது, அதுவும் இல்லை. ஐல் என்பதில் ல்-க்கு முன்னால் ஒரு உ நிழலாக விழும், நாக்கின் பின்பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும்: ஐ(உ)ல். நுனி ஈறு மேட்டைத் தொட்டால் போதும். வேகமாகப் பேசும்போது ஐல் என்பது ஆல் என்றே கேட்கும். ஆலமரம் எங்கிருந்து வந்தது என்று குழம்ப வேண்டாம். ஹீ(உ)ல், ஷீ(உ)ல், தே(உ)ல். வீ(உ)ல் என்பது வண்டிச் சக்கரம் மாதிரியும் கேட்கும், வேகத்தில் வில் என்றே குறுகிவிடும். இட் வில் சுருங்கினால் இட்ல். அமெரிக்கர் அதை 'இடல்' என்பார், தொண்டை அதிர.

ட் ஒன்று விழுவதும் இதே ரகம். ஐ லைக் காஃபி என்றால் எனக்குக் காப்பி பிடிக்கும். ஐட் லைக் எ காஃபி என்றால் ஒரு காப்பி கொடுங்கள். இங்கே ட் வண்டியின் ட, தொண்டை அதிர வேண்டும். ஆனால் அவர்களே அதை ல-வின் மேல் தேய்த்துவிடுவார்கள், காதில் ஐலைக் என்றுதான் விழும். மேஜையில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் ஐலைக் காஃபி என்றால் அவருடைய ருசியைப் பற்றிப் பேச அவர் வரவில்லை, போய்க் காப்பியைக் கொண்டு வாருங்கள்.

கோளாறு: யுவர், யுவர் இரண்டும் ஒன்றா? தேர், தேர், தேர்?

ஒன்றுதான். உன்னுடைய என்பதும் நீ இருக்கிறாய் என்பதும் சத்தத்தில் ஒன்று. அவர்களுடைய, அங்கே, அவர்கள் இருக்கிறார்கள், மூன்றும் தேர். எழுத்தில்தான் வேறு. வித்தியாசமாகச் சொல்ல முயன்று தேஆர், யூஆர் என்று பிரிப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எழுத்துக்கு மேலே தொங்கும் அந்தக் குட்டிக் காற்புள்ளிக்குச் சத்தமே கிடையாது, அங்கே மூச்சு வாங்கக்கூடாது. வீ ஆர் மட்டும் வியர் என்று வரும். இருந்தோம் என்கிற வெர் வேறு, எங்கே என்கிற வேர் வேறு.

கோளாறு: ஷுட் ஆஃப் என்று எழுதினேன், சிரித்தார்கள்

ஷுட் ஹேவ் சுருங்கினால் ஷுடவ். கடைசி அவ், தனியாக வரும் ஆஃப் என்ற சொல்லின் குறுகிய ஒலியோடு அச்சாக ஒத்துப்போகும். அதனால் இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அப்படித் தப்பாக எழுதுகிறார்கள். சொல்வது ஷுடவ், குடவ், வுடவ், எழுதுவது ஹேவ். போகட்டும், இது நாகரிகமான தப்பு.

கோளாறு: ஐம் கனா மூணார் என்று சொன்னால் புரியவில்லை

கோயிங் டு என்பதன் பேச்சு உருவம்தான் கனா. தமிழில் கனவு என்று பொருள் வருவதாலோ என்னவோ பையன்களுக்கு இதன் மேல் அப்படி ஓர் ஆசை. முதல் எழுத்து கோபாலின் கோ மாதிரி அதிர வேண்டும், கண்ணனின் க மாதிரி வறண்டு போகக்கூடாது. நெடிலும் வேண்டாம், கன என்று இரண்டு குறிலாக முடியுங்கள்.

எங்கே போடலாம் என்பதற்கு நம் தமிழே வழி காட்டுகிறது, கூடவே வழியும் தவற வைக்கிறது. "மூணாருக்குப் போறேன்" என்கிறோம், "தூங்கப் போறேன்" என்றும் சொல்கிறோம். முதலாவதில் கால் நடக்கிறது, இரண்டாவதில் படுக்கையை விட்டு யாரும் நகரவில்லை. போறேன் என்பது வரப்போகிற காலத்தை மட்டும் காட்டுகிறது. இங்கிலீஷும் அதே மாதிரி இரண்டுக்கும் கோயிங் டு என்றுதான் சொல்கிறது. ஆனால் கனா என்று சுருங்குவது இரண்டாவதுதான். ஐம் கனா ஸ்லீப் சரி. ஐம் கனா மூணார் தப்பு. அதற்கு ஐம் கோயிங் டு மூணார். பின்னால் வினைச்சொல் வந்தால் கனா, ஊர் வந்தால் கோயிங் டு.

கோளாறு: "ஆர் யூ தி டிரைவர்?" "எஸ், ஐம்."

ஐம் என்று சொல்லிவிட்டு நின்றால் அவர்கள் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாக்கியம் அங்கேயே முடிகிறது என்றால் ஆமா என்னும் பக்கத்தில் சுருக்கம் செல்லாது. எஸ், ஐ ஆம். எஸ், ஹீ இஃஜ். எஸ், வீ வில். அழுத்தம் கடைசியில். "ஆமா, நான்தான்" என்கிறோமே, அந்தத் தான் மாதிரி. இல்லை என்னும் பக்கத்தில் இந்தத் தடை இல்லை: நோ, ஹீ இஃஜன்ட்; நோ, ஐ கான்ட் என்று சுருக்கி முடிக்கலாம். நான் இல்லை என்பதற்கு மட்டும் நோ, ஐம் நாட்.

கோளாறு: எல்லாவற்றையும் சுருக்கப் பழகிவிட்டேன், இப்போது ஒன்றும் புரியவில்லை என்கிறார்கள்

வகுப்புக்கு வந்து மூன்றாவது மாதம் வருகிற கோளாறு. சுருக்கிப் பேசுவது மட்டம் என்று நினைக்கிறவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. 1710இலேயே எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் இங்கிலீஷ்காரர்கள் சொல்லை வெட்டிச் சுருக்குகிறார்கள் என்று பத்திரிகையில் புலம்பியிருக்கிறார். அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை, நீங்களும் கேட்க வேண்டாம். ஆனால் நாலு இடத்தில் சுருக்காதீர்கள். ஜெர்மன், பிரெஞ்சு, டச்சு ஆட்களிடம் அவர்களுக்கும் அது படித்த இங்கிலீஷ்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசுங்கள், ஷுடவ், இட்ல் எல்லாம் வேண்டாம். விலையும் நேரமும் சொல்லும்போது முடியாது என்பதை முழுதாகச் சொல்லுங்கள். ஐ கேன்னாட் என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. ரூம் புக்கிங்குக்குப் பதில் எழுதும்போதும் முழுச் சொல்லே மரியாதை.

நாலாவது இடத்தை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அந்த ஜீப் அண்ணன்தான் எனக்குச் சொன்னார். கவிக்குப் போகிற வழியில் வளைவு திரும்பினால் நடுரோட்டில் ஒரு கொம்பன் யானை நிற்கிறது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் கேமராவை எடுத்துக்கொண்டு கதவுப் பிடியில் கை வைத்துவிட்டார். அண்ணனுக்கு டோன்ட் நன்றாகவே வரும், மாதக்கணக்கில் பட்டு, பட்டாடை என்று பழகியவர். "அந்த நேரத்துல சுருக்கத் தோணல வாத்தியாரே" என்றார். இன்ஜினை அணைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல், ஒவ்வொரு சொல்லாக இறக்கி வைத்திருக்கிறார்: "டூ. நாட். கெட். டவுன்."

அவர் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டாராம்.